பாதி கேட்டது சேராது

கல்லாயிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மரக்கடை இருக்கிறது. அதன் மாடியில் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஒரு கூட்டம் நடக்கும். 'அஞ்சு' என்று அதற்குப் பெயர். அந்த மாதத்தில் பார்த்த ஒரு சினிமா, படித்த ஒரு புத்தகம், போய்வந்த ஓர் ஊர், காதால் கேட்ட ஒரு பேச்சு, மனதில் தங்கிய ஒரு பாட்டு என்று ஐந்தையும் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சுலைமானி என்கிற பால் சேர்க்காத டீயைக் குடித்துக்கொண்டு கேட்பார்கள். கோழிக்கோட்டில் இப்படிக் கூடிப் பேசுகிற கூட்டங்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் சட்டம் வைத்துப் பேசுகிற கூட்டம் இது ஒன்றுதான்.

சட்டம் போட்டவர் சேதுமாதவன் மாஷ், வாத்தியாரை அங்கே மாஷ் என்றுதான் சொல்வார்கள். ஹைஸ்கூலில் முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் உறுப்பினர் ஒரு நாவலைப் பற்றி இருபது நிமிஷம் கண் கலங்கப் பேசிவிட்டு, படித்தது பின்னட்டை மட்டும்தான் என்று பிடிபட்டார். மறுநாளே மாஷ் சட்டம் எழுதிவிட்டார். எதுவானாலும் முழுசாகப் பார்த்திருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும், கேட்டிருக்க வேண்டும். பாதி சேராது. ஊருக்குப் போனேன் என்றால் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். ஐந்தும் சொல்லி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, எழுந்து போகவும் கூடாது. எழுந்தால் ஆறு மாதம் விலக்கு. முடிந்த பிறகு மூன்றே மூன்று கேள்விகள். அதன்பின் மாஷ் அந்த ஐந்தையும் நீள நோட்டில் கட்டம் கட்டித் தன் கையால் எழுதுவார்.

இந்த ஞாயிறு வனஜாவின் முறை. வனஜா மாஷின் மனைவி, தபால் ஆபீசில் வேலை, ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. மாடிப்படியில் அவள் இரண்டு தடவை நின்று நின்று ஏறினாள். படி செங்குத்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதினோரு வருஷமாக ஏறுகிற படி அது.

கைப்பையில் எட்டு ரயில் டிக்கெட் இருந்தது. எல்லாம் கண்ணூருக்குப் போய்த் திரும்பியது. இந்த மாதம் நாலு புதன்கிழமையும் அவள் ஆபீசில் லீவு போட்டுவிட்டு, வடகரையில் இருக்கிற அக்காவுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு என்று மாஷிடம் சொல்லிவிட்டு, வடகரையைத் தாண்டிக் கண்ணூர் வரைக்கும் போய்வந்திருக்கிறாள். அங்கே ஜெயிலில் அவள் மகன் ரிஜில் இருக்கிறான்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், பட்டப்பகலில், ரிஜில் சிநேகிதனின் காரை எடுத்துக்கொண்டு பறந்ததில் ஹம்ஸக்கோயாவை அடித்துப் போட்டுவிட்டான். அடித்தது மட்டுமல்ல, நிற்காமல் போய்விட்டான். ஊர் கோயாக்கா என்று கூப்பிடும் அவர் வேறு யாருமில்லை. இதே மாடியில் இதே கூட்டத்தில், ஒவ்வொரு மாதமும் கடைசியாக எழுந்து, எந்த மாதமானாலும் அதே ஒரு பாட்டை இரண்டு வரி பாடிவிட்டு உட்காருகிறவர். சின்ன வயதில் ரிஜில் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறான். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து நடுங்கிக்கொண்டு நின்றவனை மாஷ்தான் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். கோர்ட்டில் சாட்சி சொன்னதும் அவர்தான். கோயாக்காவை அடக்கம் செய்த இடத்தில், அவர் மகள் சுஹரா முன்னால் நின்று, "மோளே, நான் உசிரோட இருக்கற வரைக்கும் அவன் இந்தத் தெருவுல கால் வைக்க மாட்டான்" என்று நூறு பேர் கேட்கச் சொன்னதும் அவர்தான்.

அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயர் கிடையாது. வனஜா ஆரம்பித்தால் மாஷ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சண்டை போட்டாலாவது பதிலுக்குச் சண்டை போடலாம், எழுந்து போகிறவரை என்ன செய்வது? வாசலில் நின்று கத்துகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஆனால் இப்போது நாள் இல்லை. ரிஜிலுக்குப் பரோல் கிடைக்கும் நேரம். பதினைந்து நாள் வந்து தங்க வீட்டு விலாசம் வேண்டும். போன புதன்கிழமை அவள் தன் வீட்டு விலாசத்தையே எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் ஆட்சேபம் உண்டா என்று கேட்க ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். அது நாளைக்கு, திங்கட்கிழமை காலையில். மாஷ் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மனு தள்ளுபடி. பரோல் போனால் போகட்டும், ஆறு மாதத்தில் எப்படியும் விட்டுவிடுவார்கள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, அப்பாவைப் பற்றி ரிஜில் சொன்னான்: "அச்சன் ஒத்துக்க மாட்டார், அம்மா. இந்தத் தடவை வேண்டாம்னு சொல்லிட்டா நான் வெளிய வந்து நேரா எங்கயாச்சும் போயிடுவேன். என்னைத் தேட வேண்டாம்." அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்க மாட்டாள். டிக்கெட் எடுத்துவிட்டவன் போல நிதானமாகச் சொன்னான்.

ஆகவேதான் 'அஞ்சு'. உலகத்தில் அவள் பேசி முடிக்கும்வரை மாஷ் எழுந்து போக முடியாத இடம் இது ஒன்றுதான். அவர் போட்ட சட்டம், அவரே உடைக்க மாட்டார். அந்த மனிதரை முப்பது வருஷமாகத் தெரியாதா அவளுக்கு.

அன்றைக்குக் கூட்டம் கம்மி. மாஷ் நோட்டோடு மேஜைக்குப் பின்னால். ஜன்னலோரம் தாமு வக்கீல், கோர்ட்டில் வாதாடியதைவிட இங்கே வாதாடியது அதிகம். பல் டாக்டர் ஜெஸ்ஸி, காதில் எப்போதும் ஏதாவது பாட்காஸ்ட் ஓடும், நோயாளியின் வாயில் கை இருக்கும்போதுகூட ஓடும் என்று ஊர்ப்பேச்சு. அப்புறம் சுஹரா. தெருமுனை மருந்துக்கடையில் நிற்கிறவள். வாப்பா போன பிறகு ஒரு வருஷம் வராமல் இருந்து, பிறகு ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் வந்து, அவர் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிலிருந்து மாஷ் அவளுக்கு முன்னால் கொஞ்சம் குனிந்தே நடப்பார்.

"வனஜேச்சி, என்ன இன்னிக்கு முகமே சரியில்ல? சினிமா அவ்வளவு மோசமா?" என்றார் தாமு வக்கீல்.

"சட்டம் தெரியாதா வக்கீலே? ஆரம்பிச்சாச்சுன்னா வாயை மூடணும்" என்றாள் வனஜா.

"இன்னும் ஆரம்பிக்கலயே!"

"ஆரம்பிச்சுட்டேன்."

மாஷ் பேனா மூடியைக் கழற்றினார். அவருக்குச் சந்தோஷம்தான். மனைவி சட்டம் பேசினால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது.

"முதல்ல சினிமா" என்றாள் வனஜா. குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "ஆடு திருடற ஒருத்தன் கதை. பேரு ஞாபகமில்ல, ஆனா முழுசாப் பார்த்தேன். தியேட்டர்ல இல்ல. ரயில்ல. எதிர் சீட்ல ஒரு பொண்ணு, பையனூர்க்காரி, கோழிக்கோட்டுல வாழ்க்கைப்பட்டவ, கைக்குழந்தையோட வருவா. அவ ஃபோன்ல. ஒரு புதன்கிழமை கொஞ்சம், அடுத்த புதன் கொஞ்சம். நான் அடுத்த வாரம் வர வரைக்கும் அவளும் மீதியைப் பார்க்க மாட்டா. நாலு வாரத்துல முடிச்சோம். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் புரையேறிப் போச்சு. அவ புருஷனும் உள்ள இருக்கான்."

எந்த உள்ளே என்று அவள் சொல்லவில்லை. ஜெஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். மாஷ் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது. வடகரை ரயிலில் நாலு வாரம் ஒரே பெண் எதிரே உட்காருவது நடக்கக்கூடியதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"ரெண்டாவது புத்தகம். லைட்ஹவுஸ்ல வேலை பார்த்த ஒருத்தர் தன் கதையை எழுதினது. டவுன் லைப்ரரியில எடுத்தேன். நானாத் தேடி எடுக்கல. வேற ஒருத்தர் படிச்சிட்டிருந்தார், நீயும் படின்னு சொன்னார். அவர் ஒரு இடத்துல, நான் ஒரு இடத்துல. வாரம் அம்பது பக்கம்னு பேசி வச்சுக்கிட்டோம். புதன்கிழமை பார்க்கறப்போ அந்த அம்பது பக்கத்தைப் பத்திப் பேசுவோம். கால் மணி நேரம்தான் கிடைக்கும். வேற எதைப் பத்திப் பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அதனால அந்த லைட்ஹவுஸ்காரர் எங்களுக்குப் பெரிய உபகாரம் பண்ணினார். விளக்கு அணைஞ்ச ராத்திரி ஒரு படகு பாறையில மோதிடும். இவர் அசந்து தூங்கினதால. அந்த அத்தியாயம் வந்த வாரம் மட்டும் நாங்க ஒண்ணும் பேசல. கால் மணி நேரமும் சும்மா பார்த்துட்டு நின்னோம்."

இப்போது பேனா ஓடவில்லை. மாஷ் தலை தூக்காமல் இருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. கோபம் வந்தால் முதலில் அதுதான் சிவக்கும், பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கெல்லாம் தெரிந்த அடையாளம் அது.

வனஜா சுஹராவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுஹரா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டதா, இல்லையா?

"மூணாவது ஊர்" என்றாள். கைப்பையைத் திறந்தாள். டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக மேஜைமேல், நோட்டுக்குப் பக்கத்தில், மாஷின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். எட்டு வைத்து முடிக்கும்வரை அந்த அறையில் கீழே மரம் அறுக்கிற சத்தம்கூட இல்லை, ஞாயிற்றுக்கிழமையாயிற்றே. "கண்ணூர். நாலு தடவை. அக்காவுக்குச் சர்க்கரை ஒண்ணும் இல்ல. நான் ஜெயிலுக்குப் போனேன். ரிஜிலைப் பார்த்தேன்."

மாஷின் நாற்காலி கிரீச்சிட்டது. அவர் பாதி எழுந்துவிட்டார். இரண்டு கையும் மேஜையை ஊன்றியிருந்தன.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதே. தாமு வக்கீல் மட்டும் கண்ணாடியைக் கழற்றி, மாஷையும் சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் மூன்று பேரை ஆறு மாதம் விலக்கி வைத்திருக்கிறார் மாஷ். அதில் ஒருவர் அவருடைய சொந்த மச்சினன். இருமல் வந்து எழுந்து போனவர்.

மாஷ் உட்கார்ந்தார்.

அவருடைய முகத்தைப் பார்த்து வனஜாவுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. பொறி வைத்துப் பிடித்துவிட்டேனே என்று இருந்தது. பிறகு இரண்டரை வருஷத்தை நினைத்தாள், பாவம் போய்விட்டது.

"போற வழியெல்லாம் ஆறும் பாலமும். உங்களுக்குத் தெரிஞ்ச வழிதான், சொல்ல ஒண்ணுமில்ல. ஜெயிலுக்கு வெளிய ஒரு ஷெட். எல்லாருக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க. கூப்பிடற வரைக்கும் உட்காரணும். போன வாரம் பரோலுக்கு எழுதிக் குடுத்திருக்கேன், நம்ம விலாசம்தான் போட்டிருக்கேன். நாளைக்குக் காலையில போலீஸ்காரர் வீட்டுக்கு வருவார். ஆட்சேபம் உண்டான்னு கேட்பார். இது எல்லாமே அந்த ஊர்ல நடந்ததுதான், அதனால ஊர்க் கணக்குலயே சொல்லிடறேன். வேண்டாம்னு சொல்லிட்டா அவன் இனிமே நம்ம கண்ணுல படமாட்டான். அவனே சொன்னான்."

இதைச் சொல்லும்போது அவள் மாஷைத்தான் பார்த்துச் சொன்னாள். அவர் டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது, காதால கேட்டது. ஜெஸ்ஸி, உனக்கு ஏழு பாட்காஸ்ட் இருக்கு, எனக்கு ஒண்ணு. ஜெயில்ல அவங்களே ஒரு ரேடியோ நடத்தறாங்க. மத்தியானம் ஒரு மணி நேரம். உள்ள செல்லுக்கு செல் குழாய் வச்சிருக்கு, நாங்க உட்கார்ற ஷெட்லயும் ஒண்ணு. போன புதன்கிழமை அதுல பேசினது ரிஜில். எனக்கு முன்னாடியே சொல்லல அவன். பக்கத்துல அந்தப் பையனூர்ப் பொண்ணு, யார் சேச்சி இது, நல்லாப் பேசறானேன்னா. நான் தெரியாதுன்னுட்டேன். பெத்த வயிறு, தெரியாதுன்னு சொல்லுச்சு."

அங்கே அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜெஸ்ஸி தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள். வனஜா குடிக்கவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று பயம்.

"என்ன பேசினான்னா, மழையைப் பத்தி, சமையல் கட்டுல சப்பாத்தி போடறதைப் பத்தி, யாருக்கு யார் கடுதாசி போட்டாங்கன்னு. நல்லாத்தான் பேசினான். அப்புறம் ஒரு பாட்டுப் பாடறேன்னான். அதுதான் அஞ்சாவது." இப்போது அவள் சுஹரா பக்கம் திரும்பினாள். "சுஹரா, உங்க வாப்பா பாட்டு. மாசா மாசம் அவர் பாடுவாரே, நாம கிண்டல் பண்ணுவோமே, அதே பாட்டு. வாப்பா ரெண்டாவது வரியில ஒரு இடத்துல இழுத்துத் தப்பாப் பாடுவார். இவனும் அந்தத் தப்பைக்கூட விடாம அப்படியே பாடினான். பாடி முடிச்சிட்டு, 'இந்தப் பாட்டைப் பாடிட்டிருந்தவர்'னு ஆரம்பிச்சான். அவ்வளவுதான். என் அஞ்சு முடிஞ்சுது."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் புடவை முதுகில் ஒட்டியிருப்பது தெரிந்தது.

மூன்று கேள்வி. வழக்கமாக முந்திக்கொண்டு கை தூக்குகிறவர்கள் எல்லாரும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். கடைசியில் தாமு வக்கீல்தான் செருமினார். நல்ல மனுஷன், வாய்தான் நீளம்.

"அந்த ஆட்டுத் திருடன்... கடைசில மாட்டினானா சேச்சி?"

"மாட்டல. ஆட்டைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டிட்டு வரப்போ நாய் கடிச்சிடுது."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கேள்வி போயிற்று.

"எனக்கு ஒண்ணு கேட்கணும்" என்றாள் சுஹரா. அவள் குரல் மருந்துக்கடைக் கவுண்டரில் கேட்கிற மாதிரிதான் இருந்தது, ஏற்றமில்லை இறக்கமில்லை. "பாடிட்டிருந்தவர்னு ஆரம்பிச்சான்னீங்க. அப்புறம் என்ன சொன்னான்?"

வனஜா பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். பொய் சொல்லியிருக்கலாம். 'உங்க வாப்பா பேரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான்' என்று சொன்னால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? வீட்டிலிருந்து கிளம்பும்போது அந்த யோசனைகூட வந்தது.

"தெரியல மோளே. அந்த நேரம் பார்த்து என் நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. உள்ள போகலேன்னா அந்த வாரம் பார்க்க முடியாது. போயிட்டேன். ரேடியோ பேச்சு அவன் முன்னாடியே பதிவு பண்ணி வச்சது போல, உள்ள போனா அவன் அங்க நிக்கறான். என்னடா சொன்னேன்னு கேட்டேன். விடும்மான்னுட்டான்."

சுஹரா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வனஜாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு கேள்வி பாக்கி. மாஷ் கையைத் தூக்கவில்லை, அவர் தூக்க வேண்டியதில்லை. பேனாவை நோட்டின்மேல் நேராக வைத்தார்.

"அந்த நிகழ்ச்சி எத்தனை மணி நேரம்?"

"ஒரு மணி நேரம்."

"நீ எவ்வளவு கேட்டே?"

வனஜா சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தைப் பார்த்தாள். "கடைசிப் பத்து நிமிஷம் கேட்கல."

"அப்போ முழுசாக் கேட்கல."

"இல்ல."

"பாதி கேட்டது சேராது" என்றார் மாஷ். "நாலாவது கட்டம் காலி."

"மாஷே!" என்று தாமு வக்கீல் எழுந்துவிட்டார். "இதென்ன அக்கிரமம், மகனைப் பத்திப் பேசிட்டிருக்கா, நீங்க கட்டம் பார்க்கறீங்களா? மனுஷனா நீங்க, மரக்கட்டையா? கீழ மரம் அறுக்கற வாள் இருக்கு, எடுத்துட்டு வரவா?"

மாஷ் அவரைப் பார்க்கவே இல்லை. சுஹராவைப் பார்த்தார்.

"மோளே, இவ இங்க வந்து இதைப் பேசினதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்க வாப்பாவை வச்ச இடத்துல நான் உனக்கு ஒரு வாக்குக் குடுத்தேன். அது மாறாது. நாளைக்கு வர்றவர்கிட்ட..."

"நான் கேட்டனா?" என்றாள் சுஹரா.

"என்ன?"

"வாக்கு. நான் கேட்டனா மாஷே?" அவள் எழுந்து நின்றாள். டம்ளரைக் கீழே வைக்கக்கூட மறந்துபோனாள். "அன்னிக்கு நான் ஒண்ணும் கேட்கல. எனக்கு அன்னிக்குக் கண்ணே தெரியல. நீங்களா வந்தீங்க, நூறு பேர் நடுவுல சத்தமாச் சொன்னீங்க. ஊரெல்லாம் மாஷ் எப்பேர்ப்பட்ட மனுஷன்னு பேசினாங்க. என் வாப்பா செத்ததைவிட நீங்க மகனை வீட்டை விட்டுத் தள்ளினதைத்தான் பேசினாங்க. இன்னிக்கும் கடைக்கு மாத்திரை வாங்க வர்றவங்க, இந்தப் பொண்ணுக்காகத்தான் மாஷ் மகனைச் சேர்க்கலன்னு என்னைப் பார்த்துட்டுப் போறாங்க. வனஜேச்சி என் மூஞ்சியைப் பார்த்து ரெண்டரை வருஷம் ஆச்சு. நானா அவங்க மகனைப் பிடிச்சு வச்சிருக்கேன்?"

"மோளே, நான் நினைச்சது..."

"நான் அவனை மன்னிக்கல." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. "மன்னிக்கவும் மாட்டேன், அந்தப் பாட்டை அவன் எப்படிப் பாடினாலும் சரி. அவன் நிறுத்தியிருந்தா வாப்பா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னார். எங்க கடை வழியா அவன் வரக் கூடாது. அவனைப் பார்த்தா எனக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. அது என் காரியம். ஆனா உங்க வீட்டுல யாரைச் சேர்க்கணும், யாரைச் சேர்க்கக் கூடாதுன்னு உங்க காரியம். அதுக்கு என்னைச் சாக்கு வைக்காதீங்க."

டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். வனஜா பின்னாலேயே ஓடலாமா என்று நினைத்தாள். ஓடி என்ன சொல்வது? உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள், ஜெஸ்ஸி தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மாஷ் நோட்டை இழுத்துக் கட்டம் போட்டார். ஸ்கேல் வைத்துத்தான் போட்டார். சினிமா, புத்தகம், ஊர், பாட்டு. நாலாவது கட்டத்தை வெறுமையாக விட்டார். மூன்றாவது கட்டத்தில் 'கண்ணூர்' என்று எழுத அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கினார். நோட்டு எப்போதும் மாடி அலமாரியில்தான் இருக்கும். அவர் அதை எடுத்துப் போனதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டில் அன்று மாஷ் கஞ்சி குடித்தார், பாத்திரத்தைக் கழுவி வைத்தார், படுத்தார். வனஜா அடுத்த அறையில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். தோற்றுவிட்டேன் என்றே நினைத்தாள். இனி அவர் காலில் விழுவதானாலும் விழலாம் என்று ஒரு சமயம் தோன்றியது, விழுந்தாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார் என்றும் தோன்றியது.

காலை ஒன்பதரைக்குப் போலீஸ்காரர் வந்தார். இளவயசு, பைக்கை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சேதுமாதவன் மாஷ் வீடுதானே?" என்றார். மாஷ் அவர் வருவதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும், வெளியே போகத்தான் மாட்டியிருக்கிறார் என்று வனஜா நினைத்தாள்.

"உட்காருங்க" என்றார் மாஷ்.

"இல்ல மாஷே, நின்னுட்டே கேட்டுக்கறேன். ரெண்டு கேள்விதான். ரிஜில் உங்க மகன்தானே?"

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு வெளியாள் அந்தப் பெயரைச் சொன்னார். வனஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா" என்றார் மாஷ்.

"பதினஞ்சு நாள் பரோல் கேட்டிருக்கான். இங்க வந்து தங்கறதுல வீட்டுல யாருக்காச்சும் ஆட்சேபம் உண்டா?"

மாஷ் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கு உண்டு" என்றார் மாஷ். "அதை எழுதிக்குங்க. அவங்க இருக்கிற வழியா அவன் வரக் கூடாது. அது நியாயம். நான் பார்த்துக்கறேன்."

"சரி. வீட்டுல?"

"வீட்டுல..." அவர் குரல் போய்விட்டது. செருமினார். வகுப்பில் நாற்பது பையன்களை ஒரே அதட்டலில் அடக்கிய குரல், அதைத் திரும்ப வரவழைக்க அவர் பட்ட பாட்டை அந்த இளவயசுப் போலீஸ்காரர் சங்கடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். "வீட்டுல யாருக்கும் இல்ல."

காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிற்று. பைக் தெருமுனை திரும்புகிறவரை அங்கேயே நின்றார். வனஜா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"புதன்கிழமை போவேல்ல?"

"ம்."

"அவன்கிட்டச் சொல்லு. மருந்துக்கடை வழியா வேண்டாம். ரயில்வே கேட்டுல இறங்கி, பின்பக்கமா வரச் சொல்லு. பதினஞ்சு நாளும் அந்த வழிதான். அந்தப் பொண்ணு கண்ணுல படக் கூடாது."

"நீங்களே வந்து சொல்லுங்களேன்."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார். நோட்டு சாப்பாட்டு மேஜைமேல் திறந்தபடியே கிடந்தது. காப்பி கொண்டுபோன வனஜா அதைப் பார்த்தாள். காலியாக விட்ட நாலாவது கட்டத்தில் பென்சிலால், அழித்து அழித்து எழுதியதில் தாளே நைந்துபோன இடத்தில், மாஷின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'மீதிப் பத்து நிமிஷம் ரிஜில் வந்து சொல்வான்.'